ஸ்கொலாஸ்டிக்: தமிழில் என்ன சொல்வது?

ஐரோப்பியத் தத்துவ வரலாற்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் சீக்கிரமே காலை இடறும் சொல் ஸ்கொலாஸ்டிக். வேர், ஸ்கோலே என்ற கிரேக்கச் சொல். முதற்பொருள் ஓய்வு. பிறகு ஓய்வில் நடக்கும் பேச்சு, பாடம், கடைசியில் பாடம் நடக்கும் இடம். லத்தீனில் அது ஸ்கோலா ஆனது. ஆங்கில ஸ்கூல் அதன் பேத்தி. நம் பள்ளியும் ஏறக்குறைய இந்த வழியில் வந்ததுதான்: படுக்கை, துறவிகள் தங்குமிடம், பிறகு பிள்ளைகள் படிக்குமிடம். வகுப்பில் தூங்குபவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

இடைக்காலத்தில் பாரிஸ், ஆக்ஸ்போர்டு போன்ற பல்கலைக்கழகங்களில் வளர்ந்த தத்துவ, இறையியல் முறைக்கு இந்தப் பெயர் நிலைத்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் நூலைப் பிரித்துப் பாருங்கள். முதலில் ஒரு கேள்வி. உடனே எதிர்த்தரப்பின் வாதங்கள். அடுத்து, ‘இதற்கு மாறாக’ என்று ஒரு மேற்கோள். அதன் பிறகே அவருடைய முடிவு. கடைசியில் ஒவ்வொரு எதிர்வாதத்துக்கும் தனித்தனிப் பதில்.

பின்னால் வந்தவர்கள் இதை வசைச்சொல்லாக்கினார்கள். இந்த முறையில் எழுதிய டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற நுட்பமான சிந்தனையாளரின் பெயரிலிருந்துதான் ஆங்கிலத்தில் மண்டூகத்தைக் குறிக்கும் ‘டன்ஸ்’ வந்தது. பாவம்.

இந்தப் பழைய பள்ளியின் தத்துவத்தை உதறியவர் என்று பேர்பெற்ற 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட், லா ஃப்ளெஷ் நகரின் இயேசு சபைக் கல்லூரியில் அதையே படித்து வளர்ந்தவர். 1640-இல் நண்பர் மெர்சென்னுக்கு எழுதிய கடிதத்தில், அந்தத் தத்துவத்தைப் படித்து இருபது ஆண்டு ஆகிவிட்டது, இப்போது யாருடைய பாடநூல்கள் புழக்கத்தில் உள்ளன என்று விசாரிக்கிறார். நூல்கள் மறந்தாலும் சொற்கள் அவரை விடவில்லை. இதைத் தோண்டுவதிலேயே பிரெஞ்சுத் தத்துவ வரலாற்றாசிரியர் எத்தியேன் ஜில்சோனின் ஆய்வு வாழ்க்கை தொடங்கியது. டெக்கார்ட் பள்ளியிடம் கடன்வாங்கியவற்றைத் தேடச் சொன்னவர் ஜில்சோனின் ஆசிரியர் லெவி-ப்ரூல். 1913-இல் டெக்கார்ட் பற்றிய ஆய்வேட்டோடு, அந்தச் சொற்களுக்கு ஓர் அடைவையும் ஜில்சோன் கொடுத்தார். கடன்காரரைத் தேடிப் போனவர் கடன்கொடுத்தவர்களிடமே தங்கிவிட்டார்: 1929-இல் டொராண்டோவில் இடைக்கால ஆய்வுக்கென ஒரு நிறுவனம் தொடங்கவும் முன்னின்றார்.

தமிழுக்கு வருவோம். ‘பள்ளி மெய்யியல்’ என்றால் ப்ளஸ் டூ பாடம்போல ஒலிக்கிறது. ‘புலமைவாதம்’ என்றும் எழுதுகிறார்கள். எந்தப் புலவருக்கும் பொருந்தும் என்பதே அதன் குறை. என் தேர்வு ‘கடாவிடை மெய்யியல்’. கடா என்றால் வினா, தடை. ‘அற்றேல்’, ‘என்னை எனின்’ என்று எதிராளியைத் தாமே பேசவிட்டு மடக்கும் நம் உரையாசிரியர்களைப் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். அரிஸ்டாட்டிலும் கிறித்தவமும் இதில் தெரியவில்லையே எனின், மூலச்சொல்லிலும் அவை இல்லை.

பெயரோடு வேலை முடியாது. டெக்கார்ட் 1641-இல் வெளியிட்ட ‘தியானங்கள்’ நூலின் மூன்றாம் தியானத்தில் ‘ரியாலிதாஸ் ஒப்ஜெக்தீவா’ என்று வருகிறது. இன்றைய வழக்கப்படி ‘புறவய உண்மை’ என்று பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். ஒரு பொருள் நம் எண்ணத்துக்குள் எண்ணப்படும்போது அதற்குள்ள இருப்பையே கடாவிடைக்காரர்களிடமிருந்து வந்த அந்தச் சொல் குறிக்கிறது. நான் ‘எண்ணத்துள் இருப்பு’ என்று எழுதுகிறேன்.