வோல்ட் சரியாகத்தான் காட்டுகிறது, விளக்கு ஏன் மங்குகிறது?

"தம்பி, ஒன்றரை வருஷத்துல இது மூணாவது பேட்டரி. பேசாம வண்டியவே வித்துடலாம்னு இருக்கேன்" என்றார் அந்தப் பெரியவர். ஓய்வு பெற்ற பிறகு மனைவியோடு ஊர் சுற்ற ஆசை ஆசையாக வாங்கிய மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே படுத்துச் சமைத்து வாழும் வண்டி. கூரையில் இரண்டு சோலார் பேனல், கீழே புத்தம் புது பேட்டரி. ஆனாலும் தண்ணீர் பம்ப் ஓடினால் விளக்கு மங்கும். வெந்நீர் கெட்டிலைப் போட்டால் இன்வெர்ட்டர் இரண்டு தடவை கத்திவிட்டு அணைந்துவிடும்.

அதற்கு முன் பார்த்தவர்கள் செய்தது என்னவென்று விசாரித்தேன். பம்பை ஓடவிட்டு, ஃபியூஸ் பெட்டியில் மீட்டரை வைத்திருக்கிறார்கள். 11.4 காட்டியிருக்கிறது. "பேட்டரி போச்சு" என்று சொல்லிவிட்டார்கள். நானும் பம்பை ஓடவிட்டேன். ஆனால் மீட்டரின் முனைகளை பேட்டரியின் ஈயக் குமிழ்கள் (டெர்மினல்கள்) மேலேயே வைத்தேன். 12.5 காட்டியது, ஒரு குறையும் இல்லை. அப்புறம் சிவப்பு முனையை மட்டும் குமிழிலிருந்து எடுத்து, லக்குக்கு (கேபிள் முனையைக் குமிழில் மாட்டும் உலோக வளையம்) பின்னால் கேபிளின் செம்பில் படும்படி வைத்தேன். 11.4! விரல் நீளம் கூட இல்லாத தூரத்தில் 1.1 வோல்ட் காணாமல் போகிறது.

லக்கைத் தொட்டுப் பார்த்தால் சூடு. மேலே போட்டிருந்த கறுப்பு ஸ்லீவை அறுத்தேன். உள்ளே கேபிளை லக்கில் நுழைத்து, கிரிம்பிங் கருவி இல்லாமல் சுத்தியலால் தட்டி நசுக்கியிருந்தார்கள். பாதி இழைகள் பிடிப்பில்லாமல் களிம்பேறிப் பச்சையாக நின்றன. பம்பும் விளக்குமாகச் சேர்ந்து அப்போது எடுத்தது 8 ஆம்பியர். 1.1 வோல்ட்டால் பெருக்கினால் 9 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு எல்இடி பல்பு எரிக்கும் மின்சாரம் அந்த ஒரு லக்கில் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புது லக் போட இருபது நிமிடம். கழற்றிப் போட்ட பழைய பேட்டரிகளையும் கேட்டு வாங்கிச் சோதித்தேன். ஒன்று நன்றாகவே இருந்தது. இன்னொன்று மூலையில் சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்ததாலேயே செத்திருந்தது. ஈய பேட்டரியை வெறுமையாகப் போட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம், என்னிடம் வரும் வண்டிகளில் பேட்டரி மேலும் பேனல் மேலும் பழி விழுகிற அளவுக்கு, நடுவில் இருக்கும் இணைப்புகள் மேல் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. வீட்டுச் சுவருக்குள் இருக்கும் ஒயர் ஆடுவதில்லை. இது ஓடுகிற வீடு. ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு ஸ்க்ரூவும் கொஞ்சம் அசைகிறது. போதாததற்கு 12 வோல்ட். 230 வோல்ட் வீட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் ஒருவருக்கும் தெரியாது. இங்கே பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடும். அதே 1000 வாட் கெட்டில் வீட்டில் நாலரை ஆம்பியருக்குள் எடுப்பதை, இங்கே இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து 90 ஆம்பியருக்கு மேல் பேட்டரியிலிருந்து உறிஞ்சும். அந்த ஓட்டத்தைத் தாங்க கேபிள் கட்டை விரல் கனம் இருக்க வேண்டும், இணைப்பு இரும்புப் பிடியாக இருக்க வேண்டும்.

அதனால் லோடு இல்லாமல், அதாவது எந்தச் சாதனமும் ஓடாதபோது எடுத்த வோல்ட்டை நம்பாதீர்கள். ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயரும் லோடு இல்லாதபோது முழு வோல்ட்டைக் காட்டும். பம்ப், விளக்கு, விசிறி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பேட்டரி குமிழிலிருந்து தொடங்கி லக், மெயின் ஃபியூஸின் இரு பக்கம், சுவிட்ச், ஃபியூஸ் பெட்டி என்று ஒவ்வொரு படியாக அளந்துகொண்டே போங்கள். எங்கே சட்டென்று விழுகிறதோ அங்கேதான் திருடன். மைனஸ் பக்கத்தையும் அதே மாதிரி பாருங்கள். பெயிண்ட் மேலேயே போல்ட் போட்டு எர்த் எடுத்திருக்கும் வண்டிகளை இன்றைக்கும் பார்க்கிறேன்.

பேட்டரியின் நிலையை வோல்ட்டால் அறிய வேண்டுமென்றால் அது ஓய்வில் இருக்க வேண்டும். சார்ஜும் இல்லாமல் லோடும் இல்லாமல் சில மணி நேரம் விட்டு, ஈய பேட்டரியில் 12.6 அல்லது 12.7 காட்டினால் நிறைவு, 12.2 வாக்கில் என்றால் ஏறக்குறைய பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் இந்தக் கணக்கு செல்லாது. பெரும்பாலான நேரம் 13 வோல்ட்டைச் சுற்றியே நின்றுகொண்டு, தீரும் நேரத்தில் பொத்தென்று விழும். அதற்கு மைனஸ் லைனில் ஷன்ட் (ஓடும் ஆம்பியரை அளக்க உதவும் சின்னத் தடை) வைத்து ஆம்பியரை எண்ணும் மானிட்டர்தான் வேண்டும். ஷன்ட் வைத்தும் தப்பாகக் காட்டுகிறதா? பேட்டரியின் மைனஸ் குமிழைப் பாருங்கள். அங்கே ஷன்டுக்குப் போகும் கேபிள் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். யாராவது பின்னால் வந்து இன்வெர்ட்டரின் மைனஸை நேராகக் குமிழில் மாட்டியிருந்தால், அந்த ஆம்பியர் எந்தக் கணக்கிலும் வராது.

இனி கூரைக்குப் போவோம். "நல்ல வெயில், பேனலிலிருந்து ஒன்றுமே வரவில்லை" என்று வரும் அழைப்புகளில் ஒரு வகை எனக்குச் சிரிப்பை வரவழைக்கும். பேட்டரி நிறைந்திருக்கும்! நிறைந்த பேட்டரிக்கு, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் கன்ட்ரோலர் ஆம்பியரைச் சுருக்கிக்கொள்ளும், அது அதன் வேலை. விசிறியும் விளக்குகளும் போட்டுப் பாருங்கள், ஆம்பியர் எழுந்தால் எல்லாம் நலம். எழவில்லை என்றால் நிழலைத் தேடுங்கள். 100 வாட் பேனல் ஒன்று லோடு இல்லாமல் சுமார் 22 வோல்ட் காட்டும், மேகமூட்டத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவே காட்டும். குறைவது ஆம்பியர்தான். பேனலின் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை, ஒரு செல்லில் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுக்கத் தடைபடும். நிழல் பட்ட வரிசையைச் சுற்றி மின்சாரத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டயோடு மீதியைக் காப்பாற்றினாலும் பேனலில் ஒரு பகுதி போனது போனதுதான். கூரையில் இருக்கும் டிவி ஆன்டெனாவின் மெல்லிய கம்பி நிழல் என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்கள், அதை மடக்கிவிட்டு ஆம்பியரைப் பார்க்கட்டும்.

பேனலில் எழுதியிருக்கும் 100 வாட்டை அப்படியே எதிர்பார்ப்பதும் சரியில்லை. அது செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது எடுத்த அளவு. கூரையோடு ஒட்டிப் படுத்திருக்கும் பேனல் வெயிலில் 60 டிகிரியைத் தொடும், அப்போது பத்து சதவீதத்துக்கு மேல் குறையும். கன்ட்ரோலரைக் கழற்றி மாட்டுவதாக இருந்தால் மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் பிறகு. கழற்றும்போது பேனல் முதலில். மாற்றிச் செய்து கன்ட்ரோலரைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

காலையில் பேட்டரி இறங்கிக் கிடந்தால், இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டிசி (நேர்மின்) அளக்கும் கிளாம்ப் மீட்டரை மெயின் கேபிளைச் சுற்றி மாட்டிப் பாருங்கள். சும்மா ஆன் செய்து வைத்த இன்வெர்ட்டர் மட்டுமே ஒரு ஆம்பியர் தின்றால், ஒரு நாளில் 24 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரியில் நீங்கள் பயன்படுத்தக்கூடிய பாதியில் இது கிட்டத்தட்ட பாதி. கேஸ், 230 வோல்ட், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் மூவழி ஃபிரிட்ஜ் 12 வோல்ட்டில் விடப்பட்டிருந்தால் இன்னும் மோசம், பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த வசதி வண்டி ஓடும்போது மட்டும்தான்.

ஈயத்தைக் கழற்றிவிட்டு லித்தியம் மாட்டுபவர்களுக்கு இரண்டு விஷயம். லித்தியம் கிடைக்கிற ஆம்பியரையெல்லாம் வாங்கிக்கொள்ளும், பழைய ரிலே (என்ஜின் ஓடும்போது பேட்டரியை இணைத்துவிடும் சுவிட்ச்) வழியாக நேராக இணைத்தால், என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் வெந்துபோகலாம். நடுவில் ஆம்பியரைக் கட்டுப்படுத்தும் டிசி டிசி சார்ஜர் வையுங்கள். இன்னொன்று, உறைகுளிர் காலையில் சார்ஜ் ஏறவில்லை என்று பதறாதீர்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல் கெடும் என்பதால் நல்ல பேட்டரியின் பிஎம்எஸ் (உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட்) தானே தடுத்துவிடும்.

ஃபியூஸ் விஷயத்தில் நான் கறார். ஃபியூஸ் காப்பது ஒயரை, சாதனத்தை அல்ல. 15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 போட்டால் அடுத்தது ஒயர் எரியும். மெயின் ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும். அதைவிடக் கவலை தருவது, வீட்டு ஏசி (மாறுமின்) பிரேக்கரை பேனல் லைனில் மாட்டும் பழக்கம். 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் தீப்பொறி தானாக அறும். டிசியில் அந்த இடைவெளியே கிடையாது, பொறி நின்று எரியும். டிசி என்று குறிப்பிட்ட பிரேக்கரே வாங்குங்கள். வெயிலில் பேனல் கனெக்டரை லோடோடு பிடுங்கவும் வேண்டாம்.

வெளி மின்சாரமும் இன்வெர்ட்டரும் சந்திக்கும் 230 வோல்ட் பக்கத்தை யாரும் சொந்தமாகத் தொட வேண்டாம். இரண்டையும் ஒன்றாகச் சேரவிடாத மாற்று சுவிட்ச், இன்வெர்ட்டர் ஓடும்போதும் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் பிரேக்கர்) வேலை செய்யுமா என்கிற சோதனை, இவை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை.

12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்ற தைரியம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. மைனஸை முதலில் கழற்றாமல் பிளஸ் நட்டைத் திருப்பினேன். ஸ்பேனர் மறுமுனையில் வண்டியின் உடம்பைத் தொட, நடுவில் என் மோதிரம். ஒரு நொடிதான், மோதிரம் பழுத்துவிட்டது. விரலைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம் இன்னும் இருக்கிறது. இப்போதெல்லாம் பானட்டைத் திறக்கும் முன் மோதிரம் டூல் பாக்ஸின் மேல் தட்டுக்குப் போய்விடும். வீட்டுக்குப் போனதும் மனைவி விரலைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் அது ஞாபகத்துக்கு வரும்.