கஞ்சாவில் மருந்து எது, போதை எது, சட்டம் எதைப் பார்க்கிறது

கஞ்சா மருந்தா போதையா என்று யாராவது கேட்டால், எந்த வேதிப்பொருள், எவ்வளவு, எந்த நோய்க்கு என்று திருப்பிக் கேட்பதுதான் சரி. அந்தச் செடிக்குள் கன்னாபினாய்டுகள் என்ற வகை வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. முக்கியமானவை இரண்டு. டிஹெச்சி போதை தரும், சிபிடி தராது.

நம் மூளையில் ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்கு வேதிப்பொருள் மூலமாகத்தான் சேதி அனுப்புகிறது. சேதி அளவுக்கு மீறி வந்து குவிந்தால், வாங்கும் நரம்பணு தன் சவ்வில் உள்ள கொழுப்பிலிருந்து அந்த நேரத்துக்கே ஒரு பொருளைத் தயாரித்து அனுப்பிய பக்கமே திருப்பி விடும், அது அங்கே சிபி1 என்ற ஏற்பியில் (வேதிப்பொருள் வந்து ஒட்டும் புரதத்தில்) போய் ஒட்டியதும் வரத்து குறைந்துவிடும். இப்படி உடம்பே செய்துகொள்ளும் பொருள்களில் ஒன்றை 1992இல் கண்டுபிடித்தது ஜெருசலேமில் ரபேல் மெக்கூலம் என்பவரின் ஆய்வகம். கஞ்சாவிலிருந்து டிஹெச்சியைப் பிரித்து அதன் அமைப்பை 1964இல் சொன்னவரும் அவர்தான், சக ஆய்வாளர் கவோனியோடு.

டிஹெச்சி ஒட்டுவதும் அதே சிபி1இல்தான். உடம்பு செய்யும் பொருள் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் சுரந்து சீக்கிரமே சிதைந்துவிடும். டிஹெச்சியோ மூளை முழுக்கப் பரவி மணிக்கணக்கில் நிற்கும். நினைவு தடுமாறுவது, பசி எடுப்பது, நேரம் போவதே தெரியாமல் இருப்பது எல்லாம் அதனால்தான். கீமோதெரபி வாந்தியைக் கட்டுப்படுத்த 1985இலேயே அமெரிக்காவில் செயற்கை டிஹெச்சி மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டுப் பகுதியில் சிபி1 ஏற்பிகள் மிகக் குறைவு என்பதால் அபின் வகைகள் போல இது மூச்சை நிறுத்திவிடாது. அதற்காக ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள், பதின்வயதிலேயே தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுகிறது.

எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுவது வலிப்பு. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் கல்கத்தாவில் வேலை பார்த்த ஓஷாக்னெசி என்ற மருத்துவர், வலிப்பு வந்த 40 நாள் குழந்தைக்குக் கஞ்சாச் சாறு கொடுத்துக் குணம் கண்டதாக எழுதி வைத்தார். ஒரே ஒரு குழந்தை, அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. முறையான சோதனை 2017இல் வெளியானது. டிரவே நோய்க்குறி என்ற கொடிய வலிப்பு நோய் உள்ள 120 பேரில் சுத்தமான சிபிடி எடுத்தவர்களுக்கு மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பின் இடைநிலை எண்ணிக்கை 5.9 ஆனது, வெற்று மருந்து எடுத்தவர்களுக்கு 14.9 என்பது 14.1 ஆனதோடு சரி. அடுத்த ஆண்டே எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி. சிபிடி இந்த வேலையை சிபி1 வழியாகச் செய்வதில்லை, வேறு சில ஏற்பிகளும் மூளையில் இயல்பாகவே உள்ள அடினோசின் என்ற பொருளும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

அப்புறம் சட்டம். இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் செடியின் பாகத்தைத்தான் பார்க்கிறது. பூக்கும் காய்க்கும் நுனி என்றால் கஞ்சா, பிசின் என்றால் சரஸ், இரண்டும் குற்றம். நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த விளக்கத்துக்குள்ளேயே வராது, இலையைக் கட்டுப்படுத்துவது மாநிலங்கள்தான். அதனால்தான் காசியில் அரசு உரிமத்தோடு, இந்த இலையை அரைத்துச் செய்யும் பாங்கு விற்கும் கடை நடக்கிறது. கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு, அதற்கே ஓராண்டு வரை சிறை உண்டு. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு. இதில் டிஹெச்சி எவ்வளவு, சிபிடி எவ்வளவு என்ற கேள்வியே வரவில்லை பாருங்கள். போதையே தராத அளவுக்கு டிஹெச்சி குறைந்த பூ குற்றம், போதை தரும் இலை இந்தச் சட்டத்தில் குற்றமில்லை. இது அறிவியலோடு ஒட்டவே இல்லை, மாற்றியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் அனுமதி தர அதே சட்டத்தில் இடம் இருக்கிறது, ஜம்முவில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் உரிமத்தோடு பயிரிட்டு ஆராய்கிறது. 2020 டிசம்பரில் ஐநா போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை சர்வதேச போதைப்பொருள் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து 27க்கு 25 என்ற வாக்கில் நீக்கியபோது இந்தியாவும் ஆதரித்தே வாக்களித்தது. ஆனால் முதல் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது, கட்டுப்பாடு போய்விடவில்லை.

ஆயுர்வேத உரிமத்தில் விஜயா என்ற பெயரில் இலைச்சாறு எண்ணெய்கள் இங்கே விற்பனையாகின்றன. அவையும் அந்தச் சோதனையில் கொடுத்த சுத்தமான சிபிடியும் ஒன்றல்ல, இலைச்சாற்றில் டிஹெச்சியும் இருக்கலாம். வலிப்புள்ள பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க நினைக்கும் பெற்றோர் தயவுசெய்து நரம்பியல் மருத்துவரிடம் சொல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து எடுக்கும் பிள்ளைக்கு சிபிடி சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் எகிறலாம், குளோபாசாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்து எடுத்தால் தூக்கக் கலக்கம் அதிகமாகும். ஏற்கெனவே கொடுத்துவரும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் தொடரும் ஆபத்தும் உண்டு.