‘யாருக்குமே இல்லாத பெயர்’: பெற்றோருக்கு ஒரு தலைமையாசிரியரின் வேண்டுகோள்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாராகும் பருவம் வந்துவிட்டால், பெயர் திருத்தக் கோரிக்கைகளும் கூடவே வந்துவிடும். எழுத்துப் பிழை, தந்தை பெயரின் முதலெழுத்து மாறிப்போனது போன்றவற்றைச் சரிசெய்து தருவது பள்ளியின் கடமை. அதில் எங்களுக்குச் சலிப்பு இல்லை. ஆனால் இந்த ஆண்டு வந்த ஒரு தாய், எல்லா ஆவணங்களிலும் பிழையின்றிப் பதிவாகியிருந்த ரித்திஷ் என்னும் தம் மகனின் பெயரையே அடியோடு மாற்றித் தரும்படி கேட்டார். காரணம் கேட்டபோது, “நாங்க வைக்கும்போது இந்தப் பேரே எங்கேயும் கிடையாது சார். இப்ப டியூஷன்ல மட்டும் மூணு பேர் இருக்காங்களாம். கேட்டாலே பழைய பேர் மாதிரி இருக்கு” என்றார். மீசைகூட முளைக்காத பிள்ளையின் பெயர் பழசாகிவிட்டதாம். இப்படி வந்தவர்களில் இவர் முதல் ஆள் இல்லை என்பதாலும், இனியும் வருவார்கள் என்பதாலும், இதை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

இவர்கள் அனைவரிடமும் நான் காணும் தவறான எண்ணம் ஒன்றுதான்: தாங்கள் தேர்ந்தெடுத்த பெயர் தங்களுக்கு மட்டுமே தோன்றியது என்னும் நம்பிக்கை. முதல் வகுப்பின் வருகைப் பதிவேட்டை ஒரு நாள் காலையில் வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் இந்த நம்பிக்கை நொடியில் கலைந்துவிடும். ரித்திக், ரித்திஷ், ரித்விக், ருத்விக், ஹிருத்திக் என்று ஒரே வகுப்பில் ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, பின்வரிசையில் இருக்கும் பிள்ளை தன்னைத்தான் ஆசிரியர் அழைத்தார் என்று எழுந்து நிற்கிறது, அதற்குப் பக்கத்திலிருப்பதும் எழுந்து நிற்கிறது. ஐந்து பெயர்களும் வேறுவேறு என்பதை எழுத்துக்கூட்டி நிறுவலாம். காது அதை ஏற்பதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக, பலநாள் யோசித்து, உறவினரோடு சண்டைகூடப் போட்டு வைத்த பெயர்கள்தாம் இவை. ஒருவரைப் பார்த்து ஒருவர் வைத்ததும் இல்லை. அப்படியிருந்தும் அனைவரும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது எப்படி என்பதைத்தான் பெற்றோர் நின்று யோசிக்க வேண்டும்.

குழந்தை பிறந்ததும் நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தைக் கேட்கிறார்கள். சோதிடர் நான்கு எழுத்துகள் தருகிறார். பூசமாக இருந்தால் ஹு, ஹே, ஹோ, ட என்றும், ஆயில்யமாக இருந்தால் டி, டு, டே, டோ என்றும் வரும். ட வரிசையில் தொடங்கும் சொல் தமிழுக்கு இயல்பாகவே இல்லாதபோது, அந்தப் பெற்றோர் இணையப் பட்டியலைத் தவிர வேறெங்கே போவார்கள்? அடுத்ததாக எண்கணிதம் வந்து கூட்டுத்தொகையை முடிவு செய்கிறது. அதற்கடுத்து, பெயர் சுருக்கமாக இருக்க வேண்டும், புதுமையாக ஒலிக்க வேண்டும், வடநாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் வாயில் நுழைய வேண்டும் என்ற நிபந்தனைகள். இத்தனை வடிகட்டிகளிலும் தப்பி வருபவை சில பத்துப் பெயர்களே. அதே மாதத்தில் பிள்ளை பெற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதே வடிகட்டிகளை வைத்துக்கொண்டு அதே பட்டியலைத் தேடினால் வேறென்ன கிடைக்கும்? (அந்தப் பட்டியல்கள் தரும் பொருள்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. எந்த அகராதியிலும் இல்லாத பெயருக்கு எதிரேயும் ‘சிவபெருமானின் மறுபெயர்’ என்று துணிந்து போட்டிருக்கிறார்கள்.)

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பரவுவது ஒரு தனிப்பெயர் மட்டுமன்று, ஓர் ஒலியும் சேர்ந்தே பரவுகிறது. பையன் என்றால் ‘இக்’, ‘இத்’, ‘இஷ்’. பெண் என்றால் ‘விகா’, ‘இகா’, ‘ஸ்ரீ’. அந்த முடிவு காதுக்குப் பழகியபின், முன்னால் எந்த எழுத்தை ஒட்டினாலும் அது பெயராகவே ஒலிக்கிறது. நாகர்கோவில் பக்கம் நான் பணியாற்றிய காலத்தில், அங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் அபின், அஜின், ஜெபின், ஷெரின், ஜெர்லின் என்று ‘இன்’ முடிவில் பெயர்கள் அணிவகுத்து வந்ததைப் பதிவேடுகளில் கண்டிருக்கிறேன். மதம் வேறு, மாவட்டம் வேறு, நடந்தது ஒன்றுதான். ஆகவே, ‘ரித்விக் அதிகமாகிவிட்டது, நாங்கள் கிருத்விக் வைத்துவிட்டோம்’ என்று சொல்பவர்கள் எதிலிருந்தும் தப்பிக்கவில்லை. அந்தப் பெயரும் அதே ஆண்டின் முத்திரையோடுதான் வருகிறது.

பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. முத்துசாமி, சுப்பையா, பொன்னம்மாள் என்று போய்க்கொண்டிருந்த பக்கங்களில் சுரேஷ், ரமேஷ், மகேஷ், தினேஷ் என்பவை நுழையும்போது அவையும் புத்தம்புது நாகரிகப் பெயர்களே. லதா, கீதா, சுதா, உமா ஆகியவை அவற்றின் உடன்பிறப்புகள். பிறகு பிரியா, திவ்யா, சரண்யா, கார்த்திக், விக்னேஷ் வந்தார்கள். இன்று சுரேஷ் என்ற பெயரைக் கேட்டவுடன் ஐம்பதை ஒட்டிய ஒருவரை மனம் நினைத்துக்கொள்கிறது; சுரேஷில் எந்தக் குறையும் இல்லை, அந்தப் பெயரைத் தாங்கியவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்து ஒரே காலத்தில் நரைத்தார்கள், அவ்வளவே. அரசியல் பெயர்களுக்கும் இது பொருந்தும். திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், ராமையா அன்பழகன் ஆனதும் ஒரு காலத்தில் துணிச்சலான புதுமைகள். அவற்றைப் பின்பற்றி வீட்டுக்கு வீடு தமிழ்ச்செல்வன்களும் இளங்கோவன்களும் பிறந்தபின் அவையும் ஒரு தலைமுறையின் அடையாளமாயின. சோவியத் தலைவர் ஸ்டாலின் 1953 மார்ச்சில் இறந்தபோது, சில நாள் முன்னர் பிறந்த தம் மகனுக்கு மு. கருணாநிதி அந்தப் பெயரைச் சூட்டினார்; நம் ஊர்களில் ஸ்டாலின், லெனின் என்று பெயர் கொண்டவர்களின் பிறந்த காலத்தையும் ஓரளவு ஊகித்துவிடலாம்.

‘எல்லாம் சினிமாவால் வந்தது’ என்று சொல்லி முடித்துவிடுவோர் பலர். சினிமாவுக்குப் பங்கு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஏற்கெனவே எழுந்து வரும் அலையைத்தான் உயர்த்திவிடுகிறது. பெயர்ப் புள்ளிவிவரங்களை ஆண்டுதோறும் அரசே வெளியிடும் அமெரிக்காவில், ஜெனிபர் என்ற பெயர் 1970 முதல் 1984 வரை பெண் குழந்தைகளுக்கு வைக்கப்பட்ட பெயர்களில் முதலிடத்தில் இருந்தது. 1970 டிசம்பரில் வெளியான ஒரு காதல் படத்தின் நாயகியால் வந்த மோகம் அது என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்தப் பெயர் ஏறிக்கொண்டே வந்திருந்தது. ஜோனா பெர்கர், கேயல் லெ மென்ஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் அமெரிக்க, பிரெஞ்சுப் பெயர்களின் நூறாண்டுக் கணக்கை அலசி 2009-இல் வெளியிட்ட ஆய்வு, வேகமாக ஏறிய பெயர்களே வேகமாக இறங்குகின்றன என்று காட்டியது. திடீரென்று எங்கும் கேட்கும் பெயரை மக்கள் ‘இது சில நாள் மோகம்’ என்று எடைபோட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். முருகன், கண்ணன், மீனாட்சி போன்ற பெயர்கள் தலைமுறை தலைமுறையாக நிதானமாக வந்துகொண்டிருப்பதால்தான், அவற்றைக் கேட்டு ஆளின் வயதைச் சொல்ல முடிவதில்லை.

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைத்த காலத்தில் இந்தச் சிக்கலுக்கு இடமே இருக்கவில்லை. ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்பத் திரும்ப வந்தது. வயலில் ஒரு கருப்பசாமியும் பள்ளியில் ஒரு கருப்பசாமியும் எப்போதும் இருந்தார்கள். அந்த வழக்கத்தைக் கைவிட்டதில் தவறொன்றும் இல்லை. ஆனால் குடும்பம் விட்ட இடத்தை நாகரிகம் பிடித்துக்கொண்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்ப் பெயர் வைத்தவர்களும் தங்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்று இருந்துவிட வேண்டாம். யாழினி, இனியா, வெண்பா, மகிழன் எல்லாம் எனக்கு மிகவும் பிடித்தமான பெயர்கள். ஒரே வகுப்பில் இரண்டு யாழினிகளைப் பிரித்தறியத் தந்தை பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து அழைக்கும் நிலையும் வந்துவிட்டது.

எனவே, பெயர் தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பிறப்பைத்தான் 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயரைச் சேர்க்க 12 மாதங்கள் வரை கட்டணமே கிடையாது, அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். அதற்காகப் பதினைந்து ஆண்டுகளும் காத்திருக்காதீர்கள். பள்ளிச் சேர்க்கைக்கு வந்து நின்றுகொண்டு, “பேரை நீங்களே ஒண்ணு போட்டுக்குங்க சார்” என்று சொல்பவர்களையும் பார்த்துவிட்டேன். மனதில் ஒரு பெயர் இருந்தால், பக்கத்து அங்கன்வாடிப் பணியாளரிடமோ பள்ளியிலோ அது எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது என்று விசாரியுங்கள். அதே பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், அதைப் போன்ற பெயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தாத்தா பாட்டி வாயில் அது எப்படி வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். தினமும் அழைக்கப்போகிறவர்கள் அவர்கள்.

எண்கணிதத்துக்காக ஆங்கிலத்தில் ஓர் ‘எச்’, ஓர் ‘ஏ’ கூடுதலாகச் சேர்ப்பவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி, பள்ளிப் பதிவில் மூன்றாவது மாதிரி என்று ஆன பிள்ளைகளின் விண்ணப்பங்கள் உதவித்தொகைக்கும் திரும்புகின்றன, கடவுச்சீட்டுக்கும் திரும்புகின்றன. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் போன்ற அனைத்துக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம். அதில் உள்ள எழுத்துகளையே மற்ற எல்லாவற்றிலும் எழுதுங்கள். அதிர்ஷ்ட எழுத்தைச் சேர்க்கத்தான் வேண்டும் என்றால் முதல் ஆவணத்திலேயே சேர்த்துவிட்டு, பிறகு கையை வைக்காதீர்கள்.

வளர்ந்த பிள்ளையின் பெயர் பழசாகத் தெரிகிறது என்பவர்களுக்கு: அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழர்கள் அனைவரும் அதே காலத்துப் பெயர்களைத்தான் தாங்கியிருக்கிறார்கள், அவர்கள் காதுக்கு அது பழசே இல்லை. அந்தத் தாயோடு வந்திருந்த மகனிடம் தனியாகக் கேட்டபோது, “பேர் எனக்குப் பிடிச்சிருக்கு சார், அம்மாவுக்குத்தான்” என்றான். அவன் பெயரைப் பட்டியலில் உள்ளது உள்ளபடியே அனுப்பிவிட்டேன். பதினெட்டு வயது நிரம்பியபின் அவனுக்கே மாற்ற வேண்டும் என்று தோன்றினால், எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறைக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அரசிதழில் அவனே மாற்றிக்கொள்ளட்டும்.