மூளை லிம்போமா: இன்னொரு மருந்தைச் சேர்க்கலாமா?

மூளையிலேயே தொடங்கும் லிம்போமாவில், அதாவது வெள்ளணு வகைப் புற்றுநோயில், முதல் தடை, மருந்து உள்ளே போகாது என்பதுதான். ரத்த-மூளைத் தடுப்பு பெரும்பாலான மருந்துகளை வாசலிலேயே நிறுத்திவிடும். அதனால் மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்தை வெள்ளமாக ஏற்றுகிறார்கள். மூட்டுவாதத்துக்கு வாரம் 10, 15 மில்லிகிராம் தரும் அதே மருந்து, இங்கே உடல்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 3.5 கிராம் அளவில், சில மணி நேரத்தில் ஏறும்.

ஏற்றுவதைவிட, ஏறிய மருந்தை உடலிலிருந்து இறக்குவதுதான் பெரிய வேலை. சிறுநீரில் அமிலத்தன்மை இருந்தால் மருந்து சிறுநீரகக் குழாய்களில் படிகமாக உறையும். அதனால் நிறைய திரவமும் சோடியம் பைகார்பனேட்டும் கொடுத்து சிறுநீரின் பிஎச் 7-க்குக் கீழே இறங்காமல் காக்கிறார்கள். சுமார் 24 மணி நேரம் கழித்து, நல்ல அணுக்களைக் காக்கும் மாற்றுமருந்தான லூக்கோவோரின் தொடங்கும். ரத்தத்தில் மருந்தளவு லிட்டருக்கு 0.1 மைக்ரோமோலுக்குக் கீழே வரும்வரை தொடரும். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையோ, வயிற்று அமிலத்துக்கான ஒமெப்ரசோலோ கூடவே ஓடினால் இந்த வெளியேற்றம் தாமதமாகலாம். வார்டில் முதலில் பார்க்க வேண்டியது மாத்திரைப் பட்டியலைத்தான்.

இந்த அடித்தளத்தின் மேல் இன்னொரு மருந்தைச் சேர்த்தால் பலன் கூடுமா? குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து ஒப்பிட்டால்தான் தெரியும். மிலானின் ஆண்ட்ரெஸ் ஃபெரேரி தலைமையிலான குழு 79 பேரிடம் செய்து 2009-இல் வெளியிட்ட சோதனையில், மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்குக் கட்டி முழுதாக மறைந்தது. சைட்டராபின் என்ற இன்னொரு கீமோ மருந்தும் சேர்ந்தபோது 46 சதவீதம். கூடவே கடுமையான ரத்தஅணுக் குறைவு 15-இலிருந்து 92 சதவீதத்துக்குத் தாவியது. 2016-இல் வெளியான அடுத்த சோதனையில் அந்த இரண்டோடு ரிட்டுக்சிமாப் என்ற எதிரணு மருந்தும் தையோடெபா என்ற கீமோ மருந்தும் சேர, முழு மறைவு 49 சதவீதம். பழைய இரட்டை மருந்தில் 23 சதவீதம்.

'மறைந்தது' என்று சொல்ல ஸ்கேன் மட்டும் போதாது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சில நாளிலேயே கட்டியைச் சுருக்கிவிடும், நோய் போகாமலே. ஸ்டீராய்டு நிறுத்திய பிறகும் படம் தெளிவாக இருக்க வேண்டும். கண்ணிலும் தண்டுவட நீரிலும் புற்றணு இருக்கக் கூடாது. பயாப்சிக்கு (கட்டியிலிருந்து திசு எடுத்துப் பார்க்கும் சோதனைக்கு) முன்பே ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் நோயையே உறுதிசெய்ய முடியாமல் போகலாம்.

திரும்பி வந்த நோய்க்கு இப்ருட்டினிப் என்ற மருந்து புது வழி காட்டியது. அந்தப் புற்றணுக்கள் பலவும் நம்பியிருக்கும் பிடிகே நொதியை அது அடைக்கிறது. ஆனால் பூஞ்சையை விழுங்கும் நோயெதிர்ப்பு அணுவான மேக்ரோஃபேஜுக்கும் அதே நொதி தேவை. அமெரிக்காவில் இப்ருட்டினிபோடு ஸ்டீராய்டும் கீமோ மருந்துகளும் சேர்த்துச் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 18 பேரில் 7 பேருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைத் தொற்று வந்தது. பின்னர் மெத்தோட்ரெக்ஸேட், ரிட்டுக்சிமாபோடு இப்ருட்டினிபைச் சேர்த்துச் சோதித்தவர்கள், மெத்தோட்ரெக்ஸேட் ஏறும் நாளில் இப்ருட்டினிபை நிறுத்தி, மெத்தோட்ரெக்ஸேட் உடலைவிட்டு வெளியேறிய பிறகே மீண்டும் தொடங்கினார்கள்.