டிசைன் கோர்ஸுக்குக் காசு கட்ட முதல் அங்க படிச்ச பிள்ளைகள் செஞ்ச வேலையைப் பாருங்க

ஏ.எல் ரிசல்ட்ஸ் வந்தா அடுத்த கிழமையே எனக்கு கோல் வரத் தொடங்கிடும். "தங்கச்சி, மகளுக்கு கீறுறதுல சரியான விருப்பம், கிராஃபிக் டிசைன் படிக்க விடலாமா, பிறகு வேலை கிடைக்குமா"ன்னு வெள்ளவத்தையில இருந்தும் கொட்டாஞ்சேனையில இருந்தும் அம்மாமார்தான் கூட கேப்பாங்க. 14 வருஷமா கொழும்புல கிராஃபிக் டிசைன் வேலைதான் செய்றேன். விடலாம்னுதான் சொல்லுவன், ஆனா எங்க காசு கட்டப் போறீங்கன்னு கட்டாயம் கேப்பன்.

ஏனெண்டா நிறைய இடத்துல கோர்ஸ்னு சொல்லி சொஃப்ட்வெயார் மட்டும்தான் படிப்பிக்கிறாங்க. போட்டோஷொப், இல்லஸ்ட்ரேட்டர் ரெண்டையும் வீட்டுல இருந்தே வீடியோ பார்த்துப் பழகலாம், அதுக்கு லட்சக்கணக்குல கட்டத் தேவையில்ல. கொலேஜ்ல போய்த்தான் கிடைக்கணும்னு நான் நினைக்கிறது வேற. ஒரு வேலையைக் குடுத்து, நீங்க செஞ்சதை எல்லார் முன்னுக்கும் சுவர்ல ஒட்டி, ஏன் இந்த எழுத்து, ஏன் இங்க இவ்வளவு இடம் விட்டீங்கன்னு ஒருத்தர் கேக்கணும், நீங்க பதில் சொல்லணும், சரிவராட்டி திரும்ப செய்யணும். அந்தப் பழக்கம் இல்லாம வர்ற பிள்ளைகள் வேலைக்கு வந்து முதல் கிளையன்ட் "இது பிடிக்கல" எண்டதும் அழுறதை நான் பார்த்திருக்கிறன், எனக்கே மனசு கஷ்டமா இருக்கும்.

அடுத்தது தமிழ். 1987ல வந்த 13வது திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழி, அதனால போர்ட், ஃபோம், பேங்க் லீஃப்லெட் எல்லாத்துக்கும் மூணு மொழி வேணும். ஆனா கொழும்புல டிசைன் படிச்சிட்டு வர்றவங்கள்ல தமிழை ஒழுங்கா செட் பண்ணத் தெரிஞ்சவங்க குறைவு. 'கொ'வை டைப் பண்ணினா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவுல புள்ளி வட்டம்னு உடைஞ்சு வரும். போட்டோஷொப், இல்லஸ்ட்ரேட்டர் மாதிரி அடோபி சொஃப்ட்வெயார்ல வேர்ல்ட் ரெடி கொம்போசர் எண்ட செட்டிங்கை ஒன் பண்ணினா அது சரியாயிடும், இவ்வளவுதான் விஷயம், இதை ஒருத்தரும் சொல்லிக் குடுக்கிறதில்ல. இங்கிலிஷ்ல எக்ஸிட்னு 4 எழுத்துல முடியிறது தமிழ்ல 'வெளியேறும் வழி'. லேஅவுட்டை இங்கிலிஷுக்குப் போட்டுட்டு கடைசியா தமிழைத் திணிச்சா அது சின்னதாத்தான் வரும், பிறகு பஸ்ஸுக்கு நிக்கிற அப்பம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசிக்கணும். இது எனக்கு உண்மையிலயே நோகிற விஷயம். தமிழ் தெரிஞ்ச பிள்ளைக்கு இதுதான் பெரிய பலம், அதை விட்டுடாதீங்க.

பிரஸ்ஸுக்கும், அதாவது அச்சடிக்கிற இடத்துக்கும் போய்ப் பழகணும். நான் படிச்சு முடிச்ச புதுசுல ஒரு கோயில் திருவிழா நோட்டீஸ் பாமினி எண்ட தமிழ் ஃபொன்ட்ல அடிச்சு, ஃபைலை அப்படியே குடுத்துட்டன், அங்க இருந்த கொம்பியூட்டர்ல பாமினி இல்ல, தமிழ் எழுத்து ஒண்டும் வராம முழுக்க இங்கிலிஷ் எழுத்தா வந்துச்சு. பிளேட் போட முதல் அங்க இருந்த அண்ணா பார்த்ததால தப்பிச்சுது, இல்லாட்டி 1000 நோட்டீஸும் வீண். ஃபொன்ட் இல்லாட்டியும் மாறாம எழுத்தை அவுட்லைன், அதாவது வெறும் வடிவமா ஆக்கிக் குடுக்கிறது, வெட்டுறதுக்கு சுத்திவர 3 மில்லிமீட்டர் கூட வச்சு பிளீட் விடுறது, ஸ்கிரீன்ல பளிச்சுனு தெரியிற ஆர்.ஜி.பி நீலம் அச்சடிக்கிற சி.எம்.வை.கே மையில மங்கும்கிறது, படம் தெளிவா வர 300 டி.பி.ஐல வைக்கிறது, இதெல்லாம் அந்த அண்ணாகிட்டதான் படிச்சன். மாணவர்களை ஒரு நாளாவது பிரஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போறீங்களான்னு கொலேஜ்ல கேளுங்க.

கொலேஜோட பதிவையும் பாருங்க. டிப்ளோமான்னா மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவுல பதிஞ்ச இடமா, என்.வி.கியூ (தேசிய தொழிற் தகைமை) லெவல் எத்தனை (டிப்ளோமா 5, உயர் டிப்ளோமா 6), டிகிரின்னா பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏத்துக்கொள்ளுமா, இதெல்லாம் பேச்சுல இல்லாம எழுத்துல வாங்குங்க. அரச கெம்பஸ் விருப்பம்னா மொரட்டுவையில டிசைன் டிகிரி இருக்கு, அதுக்கு ஏ.எல் ரிசல்ட்ஸோட உளச்சார்புப் பரீட்சையும் பாஸ் பண்ணணும், அந்த விண்ணப்பத்தைத் தனியா அனுப்பணும். அந்தத் திகதியைத் தவற விட்டுட்டு வந்து நிக்கிற பிள்ளைகளைப் பார்த்தா எனக்குத் தாங்காது.

எல்லாத்தையும் விட முக்கியம், போன வருஷம் படிச்சு முடிச்சவங்க செஞ்ச ஃபைனல் வேலையைக் காட்டச் சொல்லுங்க. கட்டடத்தையும் ஏசி லேபையும் காட்டுவாங்க, அதைப் பார்த்துட்டு வந்துடாதீங்க. எல்லார்ட வேலையும் ஒரே டெம்ப்ளேட் மாதிரி இருந்தா, அல்லது காட்ட ஏலாதுன்னு சொன்னா, அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.

கோர்ஸ்ல சேர முதலே போர்ட்ஃபோலியோவை, அதாவது நீங்க செஞ்ச வேலைகளோட தொகுப்பைத் தொடங்கலாம், தம்பி தங்கச்சிமாரே. காலி வீதியில நடந்து போய் வாசிக்கக் கஷ்டமான கடை போர்ட் ஒண்டை போட்டோ எடுங்க, அதை மூணு மொழியிலயும் திரும்பச் செஞ்சு, முதல் எப்படி இருந்துச்சு, எதை ஏன் மாத்தினீங்கன்னு பக்கத்துல எழுதுங்க. அப்படி மூணு செஞ்சுகொண்டு வந்தீங்கன்னா ஞாயிறு பின்னேரம் உக்காந்து பார்த்துச் சொல்லுவன், காசு வேண்டாம்.