கலைஞர்களுக்கு மத்திய அரசு தரும் பணம்: யாருக்கு, எவ்வளவு, எங்கே தடைபடுகிறது?

2025-26 பட்ஜெட்டில் மத்தியக் கலாசார அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 3,361 கோடி ரூபாய். தனியாகக் கேட்டால் பெரிய தொகைதான். ஆனால் அந்த ஆண்டின் மொத்தப் பட்ஜெட் 50.65 லட்சம் கோடி. கணக்குப் போட்டால், நூறு ரூபாய்க்கு ஏழு காசுகூடக் கலாசாரத்துக்கு வரவில்லை. அதிலும் 1,278 கோடி, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், தொல்லியல் துறைக்குப் போகிறது. மிச்சத்தில் அருங்காட்சியகங்கள், நூலகங்கள், ஆவணக் காப்பகம், மூன்று அகாதமிகள், தேசிய நாடகப் பள்ளி எல்லாம் சம்பளம் கொடுத்துக் கட்டடமும் பராமரிக்க வேண்டும். அதெல்லாம் போகத்தான் பாடுகிற, வாசிக்கிற, கூத்துக் கட்டுகிற மனிதர்களுக்கு.

அவர்களுக்கான பணத்தில் பெரும்பகுதி ‘கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனா’ (கலை, பண்பாட்டு வளர்ச்சித் திட்டம்) என்ற திட்டத் தொகுப்பின் வழியாக வருகிறது. முழுச் செலவும் மத்திய அரசுடையது, மாநிலப் பங்கு கிடையாது. இதற்குள் பல திட்டங்கள் உண்டு. கலைஞர்களின் வாழ்க்கையோடு நேரடியாகத் தொடர்புள்ளவை இரண்டு. அவற்றைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலாவது, மூத்த கலைஞர்களுக்கான நிதியுதவி. 60 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தன் துறையில் குறிப்பிடத்தக்க பங்களிப்புச் செய்திருக்க வேண்டும். மரபு வழியில் கற்றுத் தேர்ந்தவர்கள், அச்சில் எதையும் வெளியிடாதவர்களாக இருந்தாலும், விண்ணப்பிக்கலாம். மாதம் அதிகபட்சம் 6,000 ரூபாய் கிடைக்கும். பயனாளி இறந்துவிட்டால் அந்த உதவியைக் கணவனோ மனைவியோ தொடர்ந்து பெறலாம். இந்தக் கடைசி விதி பல குடும்பங்களுக்குத் தெரியாமலே போகிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு 72,000 என்றால் மாதம் 6,000. அரசு தரும் உதவியும் 6,000, வருமான வரம்பும் 6,000. முன்பு இதே திட்டம் மாதம் 4,000 கொடுத்தபோது வருமான வரம்பும் 4,000 ஆகத்தான் இருந்தது. ஆக, மாதம் 6,500 சம்பாதிக்கும் ஒரு தவில் வித்துவான் அரசின் பார்வையில் உதவி தேவைப்படாதவர். அவர் வாடகை கொடுத்து மருந்தும் வாங்கிய பிறகு என்ன மிஞ்சும் என்று வரம்பு போட்டவர்கள் கேட்டிருக்க வேண்டும். கலைஞர்களின் வருமானம் மாதாமாதம் வருவதும் அல்ல. திருவிழாக் காலத்தில் கொஞ்சம் கையில் புழங்கும், அப்புறம் பல மாதம் ஒன்றுமே இருக்காது. அப்படிப்பட்டவர் தாசில்தார் அலுவலகத்தில் வருமானச் சான்றிதழ் கேட்டு நிற்கும்போது எந்த மாதத்தை வைத்துக் கணக்குச் சொல்வார்?

இரண்டாவது, குரு-சிஷ்ய பரம்பரைத் திட்டம். நாடகக்காரர்கள் இதை ‘ரெப்பர்ட்டரி கிராண்ட்’ என்பார்கள். குருவுக்கு மாதம் 15,000 ரூபாய். சிஷ்யர்களுக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 வரை. நாடகக் குழுவில் ஒரு குருவுக்கு அதிகபட்சம் 18 சிஷ்யர்கள், இசைக்கும் நடனத்துக்கும் 10 பேர். இந்தத் திட்டத்தை நான் மனதார மதிக்கிறேன். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் எப்படியாவது கிடைப்பார்கள், ஒத்திகைக்கும் பயிற்சிக்கும் யாரும் கொடுப்பதில்லை. ஒரு நடிகர் வேறு வேலைக்குப் போய்விடாமல் குழுவோடு இருக்க மாதச் சம்பளம் தருகிற திட்டம் நம் நாட்டில் அபூர்வம்.

ஆனால் தொகையைப் பாருங்கள். அதிகபட்சமான 10,000 என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 333 ரூபாய். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 336 ரூபாய். இந்த உதவியும் ஒருமுறை கிடைத்தால் நிலைத்து நிற்பதல்ல. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும், விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் நிபுணர் குழு பரிந்துரைக்க வேண்டும். அடுத்த ஆண்டு வருமா என்று தெரியாத பணத்தை நம்பி ஒரு குரு எத்தனை பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள முடியும்?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 18 முதல் 25 வயது வரையிலான இளங்கலைஞர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. நாடு முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 400 இடங்கள். ஆய்வு நல்கையில் இளையோருக்கு மாதம் 10,000, நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 20,000. விழா, கருத்தரங்கு, புதிய அரங்கேற்றம் போன்றவற்றுக்கு அமைப்புகள் 5 லட்சம் வரை கேட்கலாம், சிறப்பு நிலையில் 20 லட்சம் வரை. சிறிய அரங்கம் கட்ட பெருநகரங்களில் 50 லட்சம், மற்ற ஊர்களில் 25 லட்சம் வரை மானியம் உண்டு.

சரி, பணம் எங்கே தடைபடுகிறது? அமைப்புகளுக்கான மானியத்துக்குச் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்து சில ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், தன்னார்வ அமைப்புகள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் ‘தர்பன்’ தளத்தில் எண் வாங்கியிருக்க வேண்டும், ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கும், வாங்கிய மானியத்தை உரியபடி செலவழித்ததாகக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழும் வேண்டும். வடமாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து ஆடும் ஒரு ஜமாவிடம் இதில் எது இருக்கும்? நகரத்தில், ஆங்கிலம் தெரிந்த, ஆடிட்டர் வைத்திருக்கும் அமைப்புக்கு இதே விதிகள் ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது காலண்டர். அரசு நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. கடைசி மூன்று மாதத்தில் 33 சதவீதத்துக்கு மேலும், மார்ச்சில் மட்டும் 15 சதவீதத்துக்கு மேலும் செலவழிக்கக் கூடாது என்பது நிதி அமைச்சகத்தின் விதி. நிபுணர் குழு தாமதமாகக் கூடினால், பழைய பயன்பாட்டுச் சான்றிதழ்கள் வராமல் கிடந்தால், செலவழிக்க முடியாத பணம் திரும்பிப் போகிறது. ‘போன வருடம் ஒதுக்கியதே செலவாகவில்லையே’ என்ற காரணம் அடுத்த ஒதுக்கீட்டைக் குறைக்கக் கைகொடுக்கிறது. மேடைகள் எல்லாம் மூடிக்கிடந்த கொரோனா காலத்திலேயே, 2020-21இல் சுமார் 3,150 கோடியாக இருந்த கலாசார அமைச்சக ஒதுக்கீடு 2021-22இல் 2,688 கோடியாகச் சரிந்தது. கலைஞர்களுக்கு வருமானமே இல்லாத நேரம் அது.

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் நாடகமும் நிகழ்கலையும் மாநிலப் பட்டியலில்தான் இருக்கின்றன. மத்திய அரசு தன் அகாதமிகள், மண்டல மையங்கள் வழியாகத் தனியாகச் செயல்படுகிறது. நம் பகுதிக்குத் தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையம். மாநில அரசுக்குத் தனி வழி உண்டு. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் தருகிறது. இரண்டு அரசுகளுக்கும் பொதுவான ஒரே கலைஞர் பட்டியல் இருந்தால், எழுபது வயதுக்காரர் ஒரே சான்றிதழை இரண்டு இடத்துக்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்காது.

இங்கே சொன்ன மத்திய அரசு விதிகள் 2025-26 வரையிலான 15ஆவது நிதிக்குழுக் காலத்துக்கு எழுதப்பட்டவை. அதற்கடுத்த ஐந்தாண்டுக்கான விதிகளில் வருமான வரம்பை விலைவாசியோடு சேர்த்து உயர்த்துவதும், குரு-சிஷ்ய உதவியை மூன்று ஆண்டுக்கு ஒருசேர உறுதி செய்வதும் மொத்த பட்ஜெட்டை அசைக்கிற செலவே அல்ல.

விண்ணப்பித்துவிட்டுப் பதில் வராமல் காத்திருப்பவர்கள் ஒன்றைச் செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கலாசார அமைச்சகத்துக்கு மனுப் போடுங்கள். விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது, நிபுணர் குழு எந்தத் தேதியில் அதைப் பார்த்தது, நிராகரித்திருந்தால் என்ன காரணம் என்று மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதே அமைச்சகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.