குதிரைக்கு பாஸ்போர்ட் உண்டு, குதிரைக்காரருக்கு?

பந்தயக் குதிரைக்கு பாஸ்போர்ட் இருக்கிறது என்றால் பலர் சிரிக்கிறார்கள். நிஜமாகவே இருக்கிறது. தாய், தகப்பன் பெயர், மைக்ரோசிப் எண், தடுப்பூசி போட்ட தேதிகள் எல்லாம் அந்தச் சின்னப் புத்தகத்துக்குள். குதிரையின் உருவத்தை வரைந்து, நெற்றி வெள்ளை எதுவரை, எந்தக் காலில் வெண்மை, சுழி எங்கெங்கே என்றும் குறித்திருப்பார்கள். நம் ஊரில் சுழி பார்ப்பது யோகம் சொல்ல. இங்கே பார்ப்பது ஒரு குதிரையின் பெயரில் இன்னொன்று ஓடிவிடாமல் இருக்க.

நான் கால்நடை மருத்துவன். வேலைக்காலத்தில் பெரும்பகுதி லாயங்களில் போனது. ஒருநாள் விடிகாலை, ஒரு குதிரைக்கு டெட்டனஸ் ஊசி போட்டுவிட்டுத் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். கயிற்றைப் பிடித்திருந்த சைஸின், அதாவது குதிரையைப் பராமரிப்பவரின், உள்ளங்கையில் லாட ஆணி கிழித்த காயம். மேலே மஞ்சள் அப்பியிருந்தார்.

"நீங்க கடைசியா எப்ப டி.டி. போட்டீங்கண்ணே?"

"சின்ன வயசுல போட்டிருப்பாங்க சார்."

குதிரை லத்தியிலும் லாயத்து மண்ணிலும் டெட்டனஸ் கிருமி சர்வசாதாரணம். அதனால்தான் குதிரைக்குத் தவறாமல் ஊசி. அதே லத்தியைத் தினமும் அள்ளுகிற மனிதருக்கு எந்தப் புத்தகத்திலும் தேதி இல்லை. அன்று அவரை வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அப்புறம்தான் மற்ற லாயங்களிலும் கேட்டுப் பார்த்தேன். பதில் பெரும்பாலும் அதேதான்.

"குதிரையோடு வேலை பார்க்க ஆசை, என்ன செய்யலாம்?" என்று இளைஞர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த உள்ளங்கைதான் நினைவுக்கு வரும். இந்தத் தொழிலில் குதிரையைப் பற்றிய எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு. ஆளைப் பற்றியது எல்லாம் வாய்வார்த்தை. உள்ளே வர நினைப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு சைஸ் பெரும்பாலும் இரண்டு மூன்று குதிரைகளைப் பார்ப்பார். விடியும் முன்பே எழுந்து, தீவனத் தொட்டியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதில் அவர் நாள் தொடங்கும். மிச்சம் இருந்தால் குதிரைக்கு ஏதோ சரியில்லை. அடுத்து குனிந்து நான்கு கால்களையும் தடவுவார். முன்னங்காலின் பின்பக்கத் தசைநாணில் லேசான சூடு இருந்தால் போதும், விரல் அங்கேயே நின்றுவிடும். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பல நேரம் அவர் சொன்ன இடத்திலேயே நார் கிழிய ஆரம்பித்திருக்கும். அன்றே ஓய்வு கொடுத்தால் குதிரை பிழைத்தது. 450, 500 கிலோ உடம்பு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அந்த நார் முழுசாக அறுந்தால் கதையே வேறு. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது என்பதால் வயிற்றுவலி வந்தாலும் உயிர்ப் பிரச்சினைதான். அதையும் முதலில் கண்டுபிடிப்பது நான் இல்லை, ராத்திரி லாயத்து வாசலில் படுத்திருக்கும் அவர்தான். ஐந்தரை வருடம் படித்து நான் வாங்கிய பட்டம் சுவரில் தொங்குகிறது. அவர் விரலுக்கு ஒரு காகிதம்கூடக் கிடையாது.

ஜாக்கி ஆகும் கனவோடு வரும் பையன்கள் தனிக்கதை. குதிரை சுமக்க வேண்டிய எடையைப் பந்தயத்துக்குப் பந்தயம் நிர்ணயிக்கிறார்கள். குறைந்தபட்ச எடை 50 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், அதிலேயே சேணமும் அடக்கம். அதனால் பட்டினி, தண்ணீர் குடிக்காமை, வியர்க்க வியர்க்க ஓட்டம். குதிரைக்கு நீர்ச்சத்து குறைந்திருக்கிறதா என்று பார்க்க, கழுத்துத் தோலைக் கிள்ளி விடுவோம். சட்டென்று பழையபடி படிய வேண்டும். ஒருமுறை பக்கத்தில் நின்ற அப்ரெண்டிஸ் பையனின் புறங்கையை விளையாட்டாகக் கிள்ளிப் பார்த்தேன். தோல் மெதுவாகத்தான் இறங்கியது. அரை மணி நேரத்தில் அவன் குதிரை மேல் இருந்தான். தம்பி, உன் எலும்புவாகே 60 கிலோவுக்கு மேல் கேட்டால் அந்த உடம்போடு சண்டை போடாதே. லாடம் அடிக்கிற வேலை, குதிரையேற்றம் கற்றுத்தருகிற வேலை என்று வேறு வழி இருக்கிறது. லாடக்காரர்களில் கைதேர்ந்தவர் இன்று அபூர்வம். நல்லவர் ஒருவர் கிடைத்தால் டிரெய்னர்கள் விடமாட்டார்கள்.

சரி, தொழிலின் நிலவரத்துக்கு வருவோம். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1996ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் வரி போடும்போது அது சூதாட்டத்தோடுதான் நிற்கிறது. கட்டும் பந்தயத் தொகை முழுவதுக்கும் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். பந்தயம் கட்டிக் குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அதனால் வரிக்காக நான் அழப்போவதில்லை. ஆனால் வரிக்குத் தப்பிப் பந்தயப் பணம் கணக்கில் வராத புக்கிகளிடம் போகும்போது ரேஸ் கிளப் வருமானம் குறையும், பரிசுத்தொகை குறையும், உரிமையாளர் குதிரையைக் குறைப்பார். கடைசியில் அடி விழுவது சைஸுக்கு.

மைதானமே நிச்சயமில்லை. வாடகை பாக்கிக்காக 2024 ஜூனில் ஊட்டியில் சுமார் 52 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கர் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தார்கள், விஷயம் நீதிமன்றம் போனது. 1946ல் போட்ட குத்தகை, வருடத்துக்கு 614 ரூபாய் சொச்சம். அதைப் படித்துவிட்டு அரசு மேல் கோபப்படவும் மனம் வரவில்லை. ஆனால் அந்த வாரம் லாயத்துக்குள் யாரும் ஏக்கரைப் பற்றிப் பேசவில்லை, "நாளைக்குத் தீவன வண்டியை உள்ளே விடுவாங்களா?" என்றுதான் பேச்சு.

வேலையில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தை. டி.டி. ஊசியைப் போட்டுத் தேதியை எழுதி வையுங்கள். ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள், "சும்மா நடைதான்" என்றாலும். மூக்கில் கெட்டியான சளி, தோலில் கட்டிகள் உள்ள குதிரையைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம், கிளாண்டர்ஸ் என்ற அந்தக் குதிரை நோய் மனிதருக்கும் தொற்றும். சந்தேகம் வந்தால் குதிரையின் ரத்தம் ஹரியானாவில் ஹிசார் வரை பரிசோதனைக்குப் போகிறது. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் "நான் குதிரைகளோடு வேலை செய்கிறேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள். எங்கே, யாரிடம், எத்தனை வருடம் வேலை பார்த்தீர்கள் என்று டிரெய்னரிடம் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள்.

போன வருடம் அந்த மஞ்சள் பூசிய கைக்காரர் வந்தார். ஒரு குதிரையேற்றப் பள்ளியில் ஆள் எடுக்கிறார்களாம், கடிதம் வேண்டுமாம். முப்பது வருட அனுபவம் என்று எழுதினேன். படிப்பு என்ன போடட்டும் என்று கேட்டதற்கு, "அஞ்சாவதுன்னு போட்டா எடுக்க மாட்டாங்க சார், விட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டேன். அந்த இடத்தில், இவர் தடவிப் பார்த்துச் சொன்னதை வைத்துத்தான் பல குதிரைகளுக்கு நான் ஸ்கேன் எடுத்திருக்கிறேன் என்று எழுதி, பதிவு எண்ணோடு என் முத்திரையை வைத்துக் கொடுத்தேன்.